பலவேசத்தின் வெந்நீர்க் குழாய்

ஏப்ரல் 9, செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, திருத்தங்கலில் பலவேசம் வீட்டுக் குளியலறையின் வெந்நீர்க் குழாயில் வந்த தண்ணீர் நாற்பத்திரண்டு டிகிரி.

தெர்மாமீட்டர் கம்பெனியுடையது. பலவேசம் சிவகாசிப் பட்டாசுக் கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். மருந்து கலக்கும் அறையில் சூடு ஏறினால், இருபத்தாறு வருடமாக அவர் சொல்வதுதான் சட்டம். அவர் "நிறுத்து" என்றால் முதலாளியும் நிற்பார்.

"பிள்ளைக்கு முப்பத்தேழு இருந்தாப் போதும். அஞ்சு டிகிரிதான் கூட" என்றார்.

"வெள்ளிக்கிழமை வாராக, ஞாபகம் இருக்கா?" என்றாள் மனைவி சண்முகக்கனி.

மறக்க முடியாது. மகள் ரோஷினிக்குப் பிரசவம் நடந்தது அருப்புக்கோட்டையில், மாமியார் வீட்டில். நாற்பத்தைந்து நாள் கழித்துத் தாய்வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்த சம்பந்தியம்மா ஒரு நிபந்தனை போட்டிருந்தார். வீட்டில் வெந்நீருக்கு சோலார் மெஷின் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன், தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பேன், சரியில்லை என்றால் பேரனோடு அதே காரில் திரும்பிவிடுவேன்.

மெஷினை ஞாயிற்றுக்கிழமை மொட்டைமாடியில் ஏற்றிவிட்டு, ஃபிட்டர் காளிராஜ் பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் போய்விட்டான். போகும்போது ஏதோ சொல்ல வந்தான். "சூட்டைப் பத்தி எனக்கே பாடம் எடுக்கியாலே?" என்று பலவேசம்தான் அவனை பஸ் ஏற்றி அனுப்பினார். இப்போது அவன் போன் அணைந்து கிடந்தது.

பலவேசம் மாடி ஏறினார். மெஷினின் கண்ணாடிக் குழாய்கள் வெயிலில் கறுத்து மின்னின. பக்கத்தில் கறுப்புத் தண்ணீர் டேங்க், தென்னங்கிடுகு வேய்ந்த நிழலில் நின்றது.

"சும்மா நிக்கிற டேங்குக்கு எதுக்கு நிழல்?" என்று கிடுகைப் பிரித்து, கண்ணாடிக் குழாய்களின் மேல் பரப்பினார்.

புதன்கிழமை மாலை நாற்பத்தாறு.

"ஏங்க, பச்சைத் தண்ணிக் குழாயும் சுடுது" என்றாள் சண்முகக்கனி.

"சுடத்தான் செய்யும். மெஷின்ல இருந்து சூடு பின்னால ஏறி டேங்குக்கே வருது."

"அதுக்கு என்ன செய்யப் போறீக?"

"டேங்க் நிறைய தண்ணி இருந்தா, அது மெஷினுக்குள்ள தள்ளும், மெஷின் திருப்பித் தள்ளும். கால் டேங்க் போதும். மோட்டாரைச் சீக்கிரம் நிறுத்து."

கம்பெனியில் இந்தக் குரலுக்கு நூறு பேர் கட்டுப்படுவார்கள். சண்முகக்கனியும் கட்டுப்பட்டாள்.

வியாழக்கிழமை மாலை நாற்பத்தொன்பது.

"காப்பித்தூள் மட்டும் போட்டாப் போதும்" என்றாள்.

"கேலி பண்ணாத. வெயிலை வழியிலேயே மறிக்கணும்."

அன்று சாயங்காலமே தெரிந்த அச்சகத்துக்கு பைக்கில் போய், காலண்டர் வேலையில் மிஞ்சிய ஜிகினாத் தாள் ஒரு கட்டு வாங்கி வந்தார். அட்டையில் ஒட்டி, மெஷினுக்கு முன்னால் வேலிபோல நிறுத்தினார். அதில் பட்ட வெயிலெல்லாம் மெஷினை விட்டு விலகிப் பக்கத்தில் போய் விழும்படி சாய்வு பார்த்துக் கட்டினார். மருந்து அறைக்கு ஜன்னல் வைப்பதுபோல அளந்து செய்த வேலை.

"இனி ஒரு சொட்டு வெயில் உள்ள போகாது" என்று கீழே இறங்கினார்.

வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு ஐம்பத்துமூன்று. தெர்மாமீட்டரைத் துடைத்து மறுபடி வைத்தார். ஐம்பத்துமூன்றுதான்.

வாசலில் கார் வந்து நின்றது. ரோஷினி பிள்ளையோடு இறங்கினாள். சம்பந்தியம்மா செருப்பைக் கழற்றி, "வாங்க" என்பதற்குத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நேரே குளியலறைக்குப் போனார். குழாயைத் திறந்தார். விரலை நீட்டி, உடனே இழுத்துக்கொண்டார்.

"இது பிள்ளையைக் குளிப்பாட்டுற தண்ணி இல்ல சம்பந்தி. கோழி உரிக்கிற தண்ணி."

"மெஷின் புதுசு. கொஞ்சம் முரண்டு பிடிக்குது."

"கம்பெனியவே கட்டி ஆளுறவுகன்னு சொன்னாக. ரோஷினி, வண்டியில ஏறு."

ரோஷினி அப்பாவைப் பார்த்தாள். பிள்ளை கொட்டாவி விட்டது. பலவேசம் இருபத்தாறு வருடத்தில் சூட்டிடம் தோற்றதாக யாரிடமும் ஒப்புக்கொண்டதில்லை.

"அந்த மெஷின் எனக்கு அடங்கல" என்றார். "இன்னைக்கே கழட்டி எறிஞ்சிருதேன். பேரன் இங்கன இருக்கட்டும்."

சம்பந்தியம்மா சுட்ட விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டார். தப்பை ஒத்துக்கொள்கிற ஆண்பிள்ளையைப் பார்த்து ரொம்ப நாளாகியிருக்க வேண்டும்.

"மெஷின் போகட்டும். பிள்ளை இருக்கட்டும்" என்று டிரைவரிடம் தொட்டிலை இறக்கச் சொன்னார்.

தொட்டில் வாசலைத் தாண்டும்போது, தோளில் நாலைந்து பைப்புகளோடு காளிராஜ் உள்ளே நுழைந்தான். நெற்றியில் பொங்கல் மஞ்சள் இன்னும் போகவில்லை.

"வாலே, சரியான நேரத்துக்கு வந்த" என்றார் பலவேசம், எல்லோரும் கேட்கும்படி. "உன் மெஷின் நாலு நாளா எங்க உசிரை எடுக்குது. ஏறி, இப்பவே கழட்டு."

காளிராஜ் பைப்பைக் கீழே வைத்தான்.

"கழட்டிறலாம் அண்ணாச்சி, ரெண்டு நிமிச வேலை. ஆனா நான் இன்னும் அதுக்குக் கனெக்சனே கொடுக்கலையே. ரெண்டு குழாய்லயும் இம்புட்டு நாளும் வந்தது உங்க மாடி டேங்க் தண்ணி."