‘லோக்கல்’ அக்காவின் தனி ஃபைல்

புனேயில் ஓடிய யூனிக்ஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் பயந்து நடந்தது ஒரே ஒருவருக்குத்தான். அவர் எங்கள் ‘லோக்கல்’ அக்கா. தொண்ணூறுகளின் கடைசியில், பிம்ப்ரி தொழிற்சாலை ஒன்றின் கம்ப்யூட்டர் பிரிவில் என்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர்க்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர். ஆனாலும் மராட்டி மேனேஜர் உட்பட எல்லோருக்கும் அக்காதான்.

சிஸ்டத்தோடு வரும் செட்டிங்ஸ் ஃபைல்களில் அவர் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டார். எங்களுக்கு வேண்டிய மாற்றங்களை, சிஸ்டம் கடைசியாகப் படிக்கும் ‘லோக்கல்’ என்ற தனி ஃபைலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் மேலே காரணமும் எழுதிவைப்பார். பட்டப்பெயர் வந்த கதை அதுதான்.

“நேரா அதுலயே மாத்தினா ரெண்டு நிமிஷ வேலை அக்கா” என்பேன்.

“அது சிஸ்டம் செஞ்சவங்க ஃபைலுங்க. வாடகை வீட்டுச் சொவத்துல ஆணி அடிப்பீங்களா?”

கேன்டீனிலும் அதே சட்டம். சாம்பார் பாயசம் மாதிரி இனிக்கும். நாங்கள் சமையல்காரரோடு மல்லுக்கு நிற்போம். அக்கா கைப்பையிலிருந்து மிளகாய்ப்பொடி டப்பாவை எடுத்து, தன் கிண்ணத்தில் மட்டும் தூவிக்கொள்வார்.

“அவுரு சாம்பார் அவுருக்கு. இது என்ற லோக்கலுங்க.”

சிரித்தவர்களில் நான்தான் முதல் ஆள். இயந்திர வரைபடங்கள் பாதி அச்சாகி நின்றுபோகும் கோளாறு ஒன்று வெகுநாளாக இருந்தது. நானே அதற்கு வழி கண்டுபிடித்து, அக்கா சொல்லச் சொல்லக் கேட்காமல் மூல ஃபைலிலேயே எழுதினேன். பிரிண்டர் குதிரையாக ஓடியது. ஒரு வாரம் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்தேன்.

இரண்டு மாதம் கழித்து சிஸ்டத்தின் புதிய பதிப்பை ஏற்றினோம். மூல ஃபைலைத் திறந்தால் என் வரிகளைக் காணோம். புதியது பழையதைத் துடைத்திருந்தது. நான் எங்கேயும் குறித்து வைக்கவில்லை. அன்று மதியமே வாடிக்கையாளருக்கு வரைபடங்கள் போக வேண்டும். மேனேஜர் வேறு பக்கத்தில் வந்து நின்றுவிட்டார்.

“பயப்படாம அனுப்புங்க” என்றார் அக்கா.

அனுப்பினேன். முதல் வரைபடம் முழுசாக வெளியே வந்தது. பிறகு இரண்டாவது.

“எப்படி அக்கா?”

“நீங்க எழுதின அன்னிக்கே நானும் லோக்கல்ல எழுதி வெச்சுட்டனுங்க. புதுசு அதைத் தொடாதில்ல.”

ஃபைலைத் திறந்து காட்டினார். என் வரிகளுக்கு மேலே, ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தார்: ‘இது ரமேஷ் கண்டுபிடிச்சது. எனக்குத் தோணல. யாரும் எடுத்துடாதீங்க.’

“க்யா லிகா ஹை?” என்ன எழுதியிருக்கிறது என்று மேனேஜர் என்னைக் கேட்டார்.

பெருமையில் எனக்கு இந்தி மறந்துபோயிற்று. அக்காவே பிரிவு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். என் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார்.