எல்லாருக்கும் ஒரே மூதாதை

"டீச்சர், கணேசமூர்த்தி அண்ணாச்சி காலையிலயே போன்ல கொதிக்காரு. கிளாஸ்ல என்னத்தச் சொல்லித் தொலைச்சிய?"

தலைமையாசிரியர் லிங்கேஸ்வரன் கேட்டதும் அறிவியல் ஆசிரியை ஜெயபிரியா கையிலிருந்த புத்தகத்தை மூடினாள். மேலகரத்தில் அந்தத் தனியார் பள்ளியின் நிர்வாகக் குழுத் தலைவர் கணேசமூர்த்தி. அவர் தலையசைத்தால்தான் அவள் வேலை நிரந்தரமாகும். அவருடைய பேத்தி ஸ்ரீவித்யா பத்தாம் வகுப்பில் அவளிடம்தான் படிக்கிறாள்.

"பரிணாமம்தான் சார் நடத்துனேன். பாடத்துல உள்ளதுதான்."

"பாடத்துல ஆயிரம் இருக்கும். குரங்குல இருந்து வந்தோம்னு அவுக பேத்திட்டயா சொல்லுவிய? அவரு அனுமார் பக்தரு. போய்ச் சரி பண்ணுங்க."

ஜெயபிரியா வகுப்புக்கு ஓடினாள்.

"யாரும் குரங்குல இருந்து நேரா வரல. குரங்குக்கும் நமக்கும் ஒரே மூதாதை. ஸ்ரீவித்யா வீட்டுக்கு மட்டுமில்ல. எனக்கும், ஹெட்மாஸ்டருக்கும், எல்லாருக்கும்!"

ஸ்ரீவித்யா மதியம் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறவள். சோற்றோடு சேர்த்து இதையும் பரிமாறிவிட்டாள்.

"'எல்லாருக்குமா'ன்னு கத்துதாரு டீச்சர்! காலைய விட இப்ப மோசம்" என்றார் லிங்கேஸ்வரன்.

ஜெயபிரியா சாப்பிட உட்கார்ந்தாள். குற்றாலத்துக் குரங்கு ஒன்று ஜன்னலில் உட்கார்ந்து அவளுடைய டிபன் பாக்ஸையே பார்த்துக்கொண்டிருந்தது. இதனால்தானே எல்லாம் என்று எரிச்சலாக வந்தது.

உலகத்துக்கே பொதுவென்றால் அவருக்கு மட்டும் என்ன அவமானம்? அன்றைய கடைசிப் பாடவேளையில் அதே வகுப்பில் ஒரே போடாகப் போட்டாள்.

"தென்காசி மட்டுமில்ல, அமெரிக்காக்காரனும் ஜப்பான்காரனும் அதே வம்சம்தான். இதுல ஒசத்தி தாழ்த்தி கிடையாது!"

பள்ளி விட்ட கொஞ்ச நேரத்தில் கார் வந்து நின்றது. நெற்றிச் செந்தூரம் வியர்வையில் வழிய இறங்கினார் கணேசமூர்த்தி.

"அமெரிக்காக்காரனுமா, டீச்சரம்மா?"

"மன்னிச்சிருங்கய்யா. யாருமே குரங்கு வம்சமில்லைன்னு நாளைக்கே சொல்லிருதேன்."

படித்த படிப்பை நினைத்து அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"ஐயையோ! அது அதவிட மோசம்லா!"

தலையில் கைவைத்தபடி அவர் தலைமையாசிரியர் அறைக்குள் போனார். ஜெயபிரியா ஒன்றும் புரியாமல் காரோட்டி தளவாயைப் பார்த்தாள். அவர் குரலைத் தாழ்த்தினார்.

"அனுமார் கோயில்ல மொத மாலை இவுகளுக்குத்தான் டீச்சரம்மா. 'நாங்க மட்டுந்தான் வானர வம்சம்'னு பாட்டன் காலத்துல இருந்து சொல்லித்தான் அத வாங்குதாவ. இப்ப அமெரிக்காக்காரனும் வந்து கழுத்த நீட்டுனா அய்யா எங்கன போவாரு?"