கடைவாய்ப் பல்லும் கல்யாண நாளும்

பல்வலியோடு மணவறையில் இருப்பவனுக்கு அக்கினியும் தெரியாது, அருந்ததியும் தெரியாது. திங்கட்கிழமை காப்புறுதி அலுவலகம் எத்தனை மணிக்குத் திறக்கும் என்பது மட்டும்தான் தெரியும். நான் அப்படித்தான் மாப்பிள்ளையானேன்.

மொன்றியல் துறைமுகத்தில் சொந்த லொறி ஓடுகிறேன். தனியாளாக நான் எடுத்திருந்த காப்புறுதி பல்லுக்கு ஒரு சதமும் தராது. நான் கட்டப்போகும் சுகந்தியின் வேலையிடத்துக் காப்புறுதி தரும். ஆனால் நினைத்த நேரத்தில் அதற்கு மாற முடியாது. ஆண்டுக்கு ஒருமுறை, கார்த்திகையில் மாறலாம். தவறினால், கல்யாணம் போல ஏதாவது நடந்து ஒரு மாதத்துக்குள் அறிவிக்க வேண்டும். தையில்தான் கல்யாணம் இருக்கிறதே என்று கார்த்திகையைக் கோட்டைவிட்டேன். மார்கழியில் பல்வலி தொடங்கியது.

"உடனே வேர்ச் சிகிச்சை செய்யுங்கள்" என்றார் பல் வைத்தியர். தாலி ஏறட்டும் என்று வலிக்குக் கடைவாயில் கராம்பை அடக்கிக்கொண்டு திரிந்தேன். (படங்களில் இடது கன்னம் உப்பியிருப்பது வெட்கத்தால் அல்ல.) மந்திரம் நீண்டுகொண்டே போக, பொறுக்க முடியாமல், "ஐயா, கொஞ்சம் கெதியா..." என்று முனகிவிட்டேன். ஒலிவாங்கி பக்கத்தில் இருந்தது. மண்டபமே சிரித்தது. சுகந்தியின் அப்பா, என் மாமா, மட்டும் சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை சுகந்தியையும் இழுத்துக்கொண்டு ஓடினேன். அங்கிருந்த பெண் கணினியைப் பார்த்தார்.

"வாழ்த்துகள், மிஸ்யூ. ஆனால் உங்களுக்கு ஓகஸ்டிலேயே கல்யாணம் ஆகிவிட்டதே?"

ஓகஸ்டிலிருந்து, எங்கள் ஆவணியிலிருந்து, எண்ணினால் அந்த ஒரு மாதக் கெடு எப்போதோ முடிந்துவிட்டது. எங்கள் ஆட்கள் எழுத்தை, அதாவது பதிவை, முன்கூட்டியே முடித்துவிடுவார்கள். தாலி கட்டும் வரை அவள் அவளுடைய வீட்டில், நான் பார்க் எக்ஸ்டென்ஷனில் என் அறையில். இதை எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் விளக்கினேன். அவருக்கு ஏறவில்லை.

"அது கல்யாணமே இல்லை, மதாம்! வெறும் எழுத்து! அதுக்குப் பிறகும் மாமா என்னை வாசலில வைச்சுத்தான் கதைச்சவர்!" என்று மேசையில் தட்டினேன்.

சுகந்தி மெல்லத் திரும்பினாள். "அப்ப இவ்வளவு நாளும் நான் உங்களுக்கு ஆர்?"

பல்வலி ஒரு கணம் நின்றுவிட்டது. ஆவணியில் எழுத்தன்று என் பெயருக்குப் பக்கத்தில் கையெழுத்து வைத்தவள் அவள். அதை அவளுக்கு முன்னாலேயே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டேனே என்று கூசிப்போனேன்.

பேச்சை மாற்ற, "வேறு வழி இல்லையா, மதாம்?" என்றேன்.

"இன்னொரு மாற்றம் நடக்க வேண்டும். விவாகரத்து, மரணம், அல்லது குழந்தை."

"முதல் ரெண்டும் இண்டைக்கே செய்து தரலாம்" என்றாள் சுகந்தி, தமிழில்.

மறுநாள் பல்லைப் பிடுங்கினார்கள். என் கைக்காசுக்கு எட்டியது அதுதான். அன்று முழுக்க வீட்டில் பேச்சில்லை. அவளுக்குக் கோபம், எனக்கு வாயில் பஞ்சு. பஞ்சை எடுத்ததும் நான் முதலில் சொன்னது, "ஆவணியில எழுத்து வைச்ச நாள்தான் எங்கட கல்யாண நாள்." இன்றுவரை அன்றுதான் கொண்டாடுகிறோம்.

ஐப்பசியில் மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் முதலில் அழைத்தது மாமியை அல்ல, காப்புறுதிக்காரர்களை. அந்தக் காப்புறுதியில்தான் பிடுங்கிய இடத்தில் புதுப் பல் கட்டினேன். "பல்லுக் கட்டப் பிறந்த பிள்ளை" என்றுதான் மாமி இன்றைக்கும் அவளை அறிமுகப்படுத்துவார்.

போன கிழமை மகளுக்கு முன்பல் விழுந்தது. அந்த ஓட்டைவாயைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னாள்:

"பப்பா, நீங்க சிரிக்கிறது என்ர பல்லால."