விடியலை வாசித்த மத்தியானம்

பாட்டு வரி இல்லாமல், வாத்தியத்தில் மட்டும் ஒரு காட்சியைச் சொன்னால் நம் ஆட்களுக்குப் புரியாது. புரிந்தவர்களுக்கோ ஓட்டுரிமை கிடையாது. வயிறெரிந்துதான் சொல்கிறேன்.

பிரேசர் டவுனில் எங்கள் சர்ச்சில், ஈஸ்டர் விடியற்கால ஆராதனையில் தனியாக வாசிக்க ஒருவருக்குத்தான் இடம். எனக்கு அப்போது இருபது வயது. (உலகமே என் வயலினுக்காகக் காத்திருப்பதாக நினைப்பு.) 'விடியல்' என்று நானே ஒன்று அமைத்திருந்தேன். முதலில் இருட்டு, பிறகு காற்று, சேவல், கடைசியில் சூரியன். முந்தின நாள் மத்தியானம் பாஸ்டரும் பாடகர் குழுத் தலைவர் ஸ்டான்லி அங்கிளும் கேட்க உட்கார்ந்தார்கள். எனக்குப் போட்டி, கீபோர்டு வாசிக்கும் ராபின். (அங்கிளின் சொந்த மகன். என்ன அநியாயம் பாருங்கள்!)

இருட்டை உயிரைக் கொடுத்து வாசித்தேன்.

"என்னப்பா, சுதி சேக்கிறியா?" என்றார் அங்கிள்.

"இருட்டு அங்கிள்!"

காற்றை வாசித்தேன். "எங்கயோ மிக்ஸி ஓடுது" என்று பாஸ்டர் ஜன்னலைப் பார்த்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. அந்தக் கோபத்தோடு வில்லை இழுத்துச் சேவலைக் கூவ வைத்தேன்.

சர்ச் சுவருக்குப் பின்னால் கோழிக்கடை. ஈஸ்டருக்காக நாட்டுச் சேவல்களைக் கூண்டு கூண்டாக இறக்கியிருந்தார்கள். ஒன்று பதில் கூவியது. உடனே எல்லாம் கூவின. நான் சூரியனுக்குப் போன பிறகும் அவை நிறுத்தவில்லை. தெரு நாய்களும் சேர்ந்துகொண்டன. கடைக்கார பாய் வாசலில் வந்து நின்றார்.

"க்யா சார் இது? இப்பதான் அடங்கிச்சிங்க. மறுபடி கெளப்பி வுட்டீங்களே! கூண்டுக்குள்ள கொத்திக்குதுங்க!"

பாஸ்டர் கைகூப்பினார். "போதும் தம்பி."

"சேவலே நம்புது பாஸ்டர்! இதுக்கு மேல என்ன வேணும்?"

"அதான்பா பயமா இருக்கு."

இடம் ராபினுக்குப் போனது. மறுநாள் அவன் வாசித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. "பாத்தியா, எவ்ளோ அமைதி!" என்று அங்கிளுக்குப் பெருமை. அமைதியாம்! சனிக்கிழமை சாயங்காலமே கடை காலி. கூவ எவன் மிச்சம்?

மத்தியானம் அம்மா என் தட்டில் ஒரு கோழிக்கால் துண்டை வைத்தாள். "மொறைக்காம சாப்புடு. ஒன் வயலினு புரிஞ்ச ஒரே ஆளு இவருதான்."

நான் அதைத் தொடவில்லை. (குழம்பு மட்டும் ஊற்றிக்கொண்டேன்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கோழித் துண்டுக்கு 'ரசிகர்' என்று பெயர். போன வாரம் விருந்தாளிகள் முன்னால் என் மகள் சமையலறையைப் பார்த்துக் கத்துகிறாள்: "அம்மா, அப்பாவுக்கு இன்னும் ரெண்டு ரசிகர் வைங்க!"