குப்பிக்குள் மாதா மெடல்

பிரிக்பீல்ட்ஸ்,
வியாழக்கிழமை

மதிப்பிற்குரிய பேராசிரியர் பரமேஸ்வரன் அவர்களுக்கு, தங்களிடம் ஆய்வு செய்யும் ஜோஆனின் தகப்பன் மரியநாயகம் வணக்கத்துடன் எழுதுவது. நாங்கள் நலம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க எங்கள் மாதாவையும் தங்கள் முருகனையும் வேண்டிக்கொள்கிறேன். ஒரே வீட்டை இருவர் பார்த்துக்கொண்டால் தவறில்லை.

நேற்று எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது. எங்களுக்குச் சொந்தமான, அல்லது பிறருக்குச் சொந்தமான, எந்தப் பாத்திரத்துக்குள்ளும் இனி மாதா மெடல் போடுவதில்லை. நான்தான் முன்மொழிந்தேன். என் மனைவி சாந்தமேரி எதிர்க்கவில்லை. எங்கள் மணவாழ்க்கையில் நான் கொண்டுவந்து நிறைவேறிய முதல் தீர்மானம் இது என்பதால் எனக்குக் கவலையாக இருக்கிறது.

மாதா மெடல் என்பது விரல்நகம் அளவுள்ள உலோக வில்லை. சாந்தமேரி அதைக் கிள்ளானில் மாதா கோயில் வாசல் கடையில் வாங்கி, ஃபாதரிடம் கொடுத்து மந்திரித்துக் கொண்டுவருவாள். எது கைவிட்டுப் போய்விடுமோ என்று பயமோ, அதற்குள் ஒன்றைப் போட்டுவைப்பாள். காரில் உண்டு, அரிசி டின்னில் உண்டு. வாஷிங் மெஷினில் போட்டது உள்ளே சிக்கி மெஷின் நின்றுபோக, பழுதுபார்க்க வந்து கழற்றிப் பார்த்த தனேஷ் தம்பி, "ஆன்டி, மாதா உள்ள உட்கார்ந்துட்டா மெஷின் எப்படிலா சுத்தும்" என்று கேட்டார். மகன் ஐவன் மெல்பர்னுக்குப் போனபோது பெட்டியின் நான்கு மூலையிலும் வைத்துத் தைத்தாள். நான்கும் பத்திரமாக இருப்பதாக ஐவன் போனில் சொல்கிறான். அவன் இன்னும் வரவில்லை.

ஜோஆனின் ஆய்வு எனக்கு விளங்கிய அளவில் இதுதான்: ஒரு படிகப் பொருளைக் கரைத்து, கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் படியவைத்துச் சூடாக்குகிறாள், அது உருகாமல், அலமாரியில் வைத்த அந்துருண்டையைப் போல, நேரே ஆவியாகிப் போய்விடுகிறது, எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்க வேண்டும். ஆனால் அளந்து முடிப்பதற்குள் படலம் போய்விடுகிறது. போன மாதம் ஒருநாள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்திருப்பாள். எங்கள் அடுக்குமாடியில் மேல்வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டாலே கேட்கும். அடுத்த வாரம் சாந்தமேரி, யாரும் கேட்காமலே, கோழி வறுவலோடு தங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தாள். ஜோஆன் அங்கே இல்லை. காத்திருக்கச் சொன்னார்கள். அலமாரியில் மகளின் பெயர் எழுதிய ஒரு குப்பி இருந்தது. கரைசல் நிறைய இருந்ததாம், காவலுக்கு ஒன்றும் இல்லையாம்.

அந்தக் கரைசலில் செய்த படலம் மட்டும் சூடாக்கினாலும் லேசில் போவதில்லை என்பதும், ஜோஆன் கவனக்குறைவாக இருந்துவிட்டாள் என்று தாங்கள் கோபப்பட்டதும், திங்கட்கிழமைக்குள் காரணம் சொல்லாவிட்டால் ஆய்வை விட்டுவிடலாம் என்றதும் நேற்றுத்தான் எங்களுக்குத் தெரியும். "ஏதோ உலோகம் கலந்திருக்குப்பா, எங்கிருந்து வந்ததுன்னே தெரியல" என்றாள் ஜோஆன். ரசக் கரண்டியோடு நின்ற சாந்தமேரி, "போகாம நிக்குதா?" என்று கேட்டாள். கேட்டதில் சந்தோஷம் தெரிந்தது. ரயில்வே சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனுக்கு அது போதும்.

"சாந்தா, என்ன போட்ட?"

"சின்னதுதான். சோப்பு போட்டுக் கழுவிட்டுத்தான் போட்டேன்."

ஜோஆன் சிரிக்கவில்லை. அதற்குப் பெயர் இம்ப்யூரிட்டி, அசுத்தம் என்றாள். "மந்திரிச்சதை அசுத்தம்னு சொன்னது யாரு, உங்க பேராசிரியரா?" என்று சாந்தமேரி கேட்டாள். பிறகு குரல் இறங்கிவிட்டது. "எல்லாம் போயிடுது, போயிடுதுன்னு அழுதியே பிள்ள. அதான்."

ஜோஆன் தட்டை வைத்துவிட்டு அறைக்குள் போனாள். சாந்தமேரியும் சாப்பிடவில்லை. மேற்சொன்ன தீர்மானத்தை நான் ரசத்தைப் பார்த்துக்கொண்டு நிறைவேற்றினேன்.

ஐயா, இது கவனக்குறைவால் வந்ததல்ல. ஒருத்தி மேல் வைத்த கவனம் கொஞ்சம் வழிந்து குப்பிக்குள் விழுந்துவிட்டது. அந்தக் குப்பியைத் தூக்கிப் போடுங்கள், என் பிள்ளையை வைத்துக்கொள்ளுங்கள். இன்று காலை காரிலிருந்தும் அரிசி டின்னிலிருந்தும் மெடல்களை எடுத்துவிட்டேன். இனி ஒருபோதும் இப்படி நடக்காது. நான் எழுதுவது ஜோஆனுக்குத் தெரியாது.

தங்கள் ஆய்வுக்கூடத்தில் போக வேண்டியவை போகவும், இருக்க வேண்டியவை இருக்கவும் ஆண்டவர் அருள்வாராக.

இப்படிக்கு,
மரியநாயகம்

பி.கு.: இன்று ஞாயிறு. தபாலில் சேர்க்கும் முன்பே எல்லாம் மாறிவிட்டது. வெள்ளிக்கிழமை ஜோஆனே தங்களிடம் நடந்ததைச் சொல்லிவிட்டாளாம். மெடலில் இருந்த துத்தநாகம் கரைந்து கலந்ததால்தான் படலம் மெதுவாகப் போகிறது, அந்தக் குப்பியை யாரும் தொடக்கூடாது, அதே மெடல் இன்னும் வேண்டும் என்றீர்களாம். ஆகவே தீர்மானம் ரத்து. பூசை முடிந்ததும் சாந்தமேரி கடைக்காரரிடம் இருந்ததையெல்லாம் வாங்கிவிட்டாள். ஜோஆன் தனக்கென்று ஒன்றைக் கேட்டு வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். ஆய்வுக்கா என்று நாங்கள் கேட்கவில்லை. மற்றவற்றையும், வீட்டிலிருந்து எடுத்தவற்றையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன்.

அரிசியில் வண்டு வந்துவிட்டது.