பன்னிரண்டு தட்டுகளின் ஆய்வு

சுற்றுலாத் துறை, குடும்பங்களுக்கு வாடகைக்கு விடுவதற்காகக் கேரவன்கள் வாங்கியது. கட்டில், அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டிகள். பாத்திரம் கழுவும் இயந்திரமும் இருந்தால்தான் கேரவனுக்கு மரியாதை என்று மேலிடத்தில் யாரோ சொன்னார்கள். உடனே நாற்பது இயந்திரங்கள் வந்து இறங்கின. வந்து இறங்கிய பிறகு, அவை தேவைதானா என்று ஆராய ஒரு மூவர் குழு அமைக்கப்பட்டது. வாங்குவதற்கு முன்பே ஆராய்ந்தால், ஆராய்வதற்குக் கையில் பொருள் இருக்காது அல்லவா?

குழுவில் ஒரு தலைவர், ஒரு பொறியாளர், குறிப்பெடுக்க ஒரு தற்காலிக உதவியாளர். மூன்று வருடமாக அலுவலகத்தில் அவளை எல்லோரும் 'டெம்பரவரி' என்றே கூப்பிட்டார்கள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு தலைவரின் மேசையில் இருந்தது.

அவள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அம்மா முப்பது வருடம் நான்கு வீடுகளில் பாத்திரம் தேய்த்து அவளைப் படிக்க வைத்தாள். மகளின் கை எச்சில் தட்டைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் வைராக்கியம். சொந்த வீட்டிலேகூட அவளை ஒரு டம்ளர் கழுவ விட்டதில்லை.

"டெம்பரவரி, உண்மையை எழுதணும்" என்றார் தலைவர், வண்டியில் ஏறும்போதே. "ஆனா நாப்பது மெஷின் கிடங்குல நிக்குதுங்கிறதும் உண்மைதான். அதையும் மனசுல வெச்சுக்கிட்டு எழுது."



மூன்று நாள் ஆய்வு. முதல் நாள் காலை வண்டி ஓர் ஏரிக்கரையில் நின்றது. பொறியாளர் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். இயந்திரம் சமதளத்தில்தான் ஓடும், ஏரிக்கரை சரிந்திருந்தது. டிரைவர் பதினோரு இடங்களில் வண்டியை நிறுத்திப் பார்த்தார். கடைசியில் குழு, ஏரியைப் பார்க்க வந்த கேரவனில், ஒரு பெட்ரோல் பங்கின் பின்சுவரைப் பார்த்தபடி சாப்பிட உட்கார்ந்தது.

அங்கே அடுத்த சிக்கல். "முழுச் சுமையில்லாமல் இயந்திரத்தை இயக்கலாகாது" என்று விதி. முழுச் சுமை என்றால் பன்னிரண்டு தட்டு. டிரைவர் குழுவில் உறுப்பினர் அல்ல என்பதால் அவர் தட்டு சேராது. ஆகவே ஆளுக்கு நான்கு தட்டு. சாதத்துக்கு ஒன்று, காய்க்கு ஒன்று, முட்டைக்கு ஒன்று. நான்காவது தட்டில் தலைவர் உப்பு வைத்துக்கொண்டார்.

இரண்டு மணி நேரம் இயந்திரம் உறுமியது. பிறகு திக்கி நின்றது. வடிகட்டி முழுக்க முட்டை.

பொறியாளர் குனிந்து பார்த்து, நிமிர்ந்து, தீர்ப்பு சொன்னார். "மெஷின்ல ஒரு குறையும் இல்ல சார். தட்டுலதான் அழுக்கு."

தலைவர் தலையசைத்தார். "அரசாங்கச் சொத்துக்குள்ள அழுக்கை விடலாமா? இனி கழுவிட்டுத்தான் உள்ள வைக்கணும்."

கழுவும் பொறுப்பு டிரைவரிடம் போனது. மறுநாள் மதியம் பன்னிரண்டு தட்டையும் அவர் பத்தே நிமிடத்தில் பளபளவென்று கழுவி அடுக்கினார். இயந்திரம் அவற்றை இரண்டு மணி நேரம் கழுவியது. மூன்றாம் நாள் காலை வண்டியின் தண்ணீர்த் தொட்டி வறண்டுவிட்டது. தலைவர் குளிக்கவில்லை, பொறியாளர் முகம்கூடக் கழுவவில்லை. மூன்று நாளில் அந்த வண்டியில் சுத்தமாக இருந்தவை தட்டுகள் மட்டுமே.

"அண்ணே, இது உங்களுக்கே நியாயமாப் படுதா?" என்று அவள் டிரைவரிடம் கேட்டாள்.

"எனக்கு என்னம்மா? நான் வண்டி ஓட்ட வந்தேன், தட்டு கழுவறேன். அது தட்டு கழுவ வந்துச்சு, சும்மா இருக்கு. அதுக்குத்தான் அரசாங்க உத்தியோகம் பொருந்திப் போச்சு."

அவள் அறிக்கை எழுத உட்கார்ந்தாள். பொய் எழுத வரவில்லை. உண்மை எழுதினால் நிரந்தர ஆணை வராது. ஏழு தாளைக் கிழித்துப் போட்ட பிறகு ஒரே வரி எழுதினாள்: 'தட்டுகள் சுத்தமாக உள்ளே சென்றன, சுத்தமாக வெளியே வந்தன.'

தலைவர் படித்தார். இன்னொரு முறை படித்தார். தன் கதை முடிந்தது என்று அவள் நினைத்தாள்.

"அபாரம்! சுத்தமா வெளிய வந்துச்சா இல்லையா? வந்துச்சு! இதைவிட ஒரு மெஷினுக்கு என்ன நற்சாட்சி வேணும்?"

"சார், உள்ள போகும்போதே..."

"அதுவும் எழுதியிருக்கியே. முன்கழுவல் இல்லாம மெஷின் இல்ல. ஆழமான கண்டுபிடிப்பும்மா!"

ஒரே மாதத்தில் அரசாணை வந்தது. கேரவனுக்குப் பாத்திரம் கழுவும் இயந்திரம் இன்றியமையாதது. எனவே வண்டிக்கு ஒருவர் வீதம் நாற்பது 'முன்கழுவல் அலுவலர்' பணியிடங்கள் உருவாக்கப்படுகின்றன. தகுதி: ஏதேனும் ஒரு பட்டம். பணி: இயந்திரத்தில் வைக்குமுன் தட்டுகளைக் கழுவுதல். முதல் நியமனம், அதைக் கண்டறிந்த டெம்பரவரிக்கு. நிரந்தரம்.

வீட்டில் அவள் ஆணையை வாசித்துக் காட்டினாள். மறைக்க மனம் வரவில்லை. எல்லா வரியையும் வாசித்தாள். அம்மா ஆணையைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கு டிகிரி வேணுமா?"

"வேணும்மா."

"அப்ப நான் முப்பது வருஷமா டிகிரி இல்லாமத் தப்பாக் கழுவிட்டிருந்தேனா?"

அதற்குள் விஷயம் தெரு முழுக்கப் பரவிவிட்டது. எதிர்வீட்டு மாமா தன் பொறியியல் பட்டதாரி மகனோடு வந்தார். பின்னாலேயே இன்னும் இரண்டு பட்டதாரிகள், சான்றிதழ் கோப்போடு. "மீதி முப்பத்தொம்பதுக்கு எப்பம்மா கூப்பிடுவாங்க? ஒரு வார்த்தை சொல்லி வையேன்" என்றார் மாமா. மகன் பணிவாக, "பயிற்சி வகுப்பு ஏதாவது நடக்குதாக்கா?" என்று கேட்டான்.

எல்லோரும் டீ குடித்துவிட்டுப் போனார்கள். காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அவள் அடுப்படிக்கு நடந்தாள். அம்மா ஓடி வந்து பிடுங்கினாள்.

"வைடி கீழ! எம்பொண்ணு ஆபீஸர். கழுவறதெல்லாம் ஆபீஸோட வெச்சுக்கோ."