நல்ல கொசு

நொச்சிக்காட்டுப்பாளையம் நகராட்சி எல்லைக்குள் வசிக்கும் கொசுக்கள், நகராட்சி அடிக்கும் புகை மருந்துக்குச் சாக வேண்டும் என்பது விதி. பதிமூன்று வருஷமாக விதி மாறவில்லை. மருந்தும் மாறவில்லை. கொசு மட்டும் மாறிவிட்டது. யாரைக் கேட்டு மாறியது என்பதற்குக் கோப்பில் பதிவு இல்லை.

இந்த ஒழுங்கீனத்தைக் கண்டுபிடித்தவள் ஹரிதா. கோயம்புத்தூரில் விலங்கியல் ஆராய்ச்சி மாணவி. டீ ஆறிப்போயிருந்தால்கூட மூன்று காரணம் சொல்லி வாதாடுகிறவள். வருகிற வெள்ளிக்கிழமை அதே மருந்துக்கு இன்னும் மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவதாக இருந்தது. போடுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை அறிக்கை வேண்டும் என்று ஏதோ ஒரு சுற்றறிக்கை சொன்னதால், சம்பிரதாயத்துக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் சம்பிரதாயத்தை விட்டுவிட்டுப் பரிசோதனையைச் செய்துவிட்டாள்.

பூச்சித் தடுப்பு அலுவலர் லட்சுமணசாமி அறிக்கையைக் கண்ணாடி போட்டும் கழற்றியும் படித்தார்.

"சாவலீங்களா?"

"சாவல சார். தறிக்கார வீதியில புடிச்ச கொசு நூறு. மருந்துத் தாள் ஒட்டின குழாயில ஒரு மணி நேரம் அடைச்சு வெச்சு, அடுத்த நாள் எண்ணினேன். செத்தது பத்தொம்போது."

"மருந்தைச் சந்தேகப்படறீங்களா? அம்மணி, மருந்து டெண்டர்ல வந்தது. கொசு டெண்டர்லயா வந்துச்சு?"

"சார், மருந்து அடிக்கறப்போ தாங்காத கொசு செத்துருது. தாங்கற கொசு பொழைச்சு முட்டை போடுது. அதோட குஞ்சும் தாங்குது. பதிமூணு வருஷமா நல்லாத் தாங்கறதாப் பொறுக்கி எடுத்து வளர்த்தது நாமதான்."

"வளர்த்தோம்னு எழுத்துல குடுத்துப்போடாதீங்க. ஆடிட்ல கேப்பாங்க."

பக்கத்தில் சுகாதார செவிலியர் ரூத் பதினோரு ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளோடு நின்றிருந்தார். "சார், அந்த வீதியில மட்டும் பதினோரு பேருக்கு மலேரியாங்க. தறி ஓட்டற வேலன் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கம்பளிக்குள்ள நடுங்கறாருங்க. மழைக்கு முன்னால மருந்தை மாத்துலீன்னா ஊரே நடுங்கும்."

"சிஸ்டர், காய்ச்சல் மருத்துவப் பிரிவு. கொசு பூச்சிப் பிரிவு. ரெண்டையும் கலக்காதீங்க."

"கொசுவே கலந்துபோடுச்சுங்களே, சார்."

லட்சுமணசாமி அதைக் காதில் வாங்கவில்லை. அவர் விரல் அறிக்கையின் இரண்டாவது வரியில் நின்றுவிட்டது. முகம் மலர்ந்தது.

"இதென்ன, நூத்துக்கு நூறு செத்திருக்குது?"

"அது எங்க ஆய்வுக்கூடத்துல வளர்க்கற கொசுங்க சார். தலைமுறை தலைமுறையா மருந்து வாசனையே படாதது. ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக வெச்சது."

"பல்கலைக்கழகத்துக் கொசு!" லட்சுமணசாமி நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். "படிச்ச கொசு படிச்ச கொசுதான். மருந்தைப் பாத்ததும் என்ன மரியாதை பாருங்க! நீங்க ஏம்மா நல்ல கொசுவைக் கையில வெச்சுட்டு, அந்தத் தறிக்கார வீதியில போயி கண்ட கொசுவையும் புடிக்கறீங்க?"

"ஊர்ல கடிக்கறது அதுதானுங்களே, சார்!"

"கடிக்கறது வேற, பரிசோதனை வேற."

மறுநாளே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் பறந்தது. 'மேற்படி கொசுக்களின் முன்மாதிரி நடத்தையைக் கருத்திற்கொண்டு, வெள்ளியன்று மாலை நடைபெறவுள்ள மருந்து நிரூபண விழாவுக்கு ஐந்நூறு எண்ணிக்கையில் அனுப்பி உதவுமாறு' கேட்டிருந்தது. துறைத்தலைவர் பெருமை தாங்காமல் வலைப்பெட்டிக்கு ரிப்பன் கட்டி அனுப்பினார். ஹரிதா ஒரு மணி நேரம் வாதாடிப் பார்த்தாள். பெட்டியோடு போகும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார்கள்.

"மேடையில எந்திரிச்சுச் சொல்லிப்போடுங்க மேடம்," என்றார் ரூத். "கூட நானும் நிக்கறேன்."

வெள்ளி மாலை ஆறு மணி. தறிக்கார வீதி முனையில் பந்தல், 'கொசுவில்லா நகரம்' என்று எழுதிய செல்ஃபி பாயிண்ட், நடுவில் கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் ஐந்நூறு படித்த கொசுக்களை விட்டுப் புகையைச் செலுத்தினார்கள். ஒன்றுவிடாமல் மல்லாந்தன. சில கொசுக்கள் புகை வருவதற்கு முன்பே விழுந்துவிட்டன என்று பிற்பாடு சொல்லிக்கொண்டார்கள்.

தறிக்கார வீதிப் பாலுசாமி கண்கலங்கி எழுந்தார். "ஏனுங்க சார், இந்தக் கொசுவையே எங்க வீதிக்கும் ரெண்டு பொட்டி விட்டுப்போடுங்க. எங்க ஊட்டுக் கொசுக எதுக்கும் மசியறதில்லீங்க."

"மனு பரிசீலிக்கப்படும்," என்றார் நகராட்சித் தலைவர். பிறகு தொண்டையைச் செருமி, "இதே மருந்தை மூன்றாண்டுகளுக்குத் தொடர்வதில் எவருக்கேனும் ஆட்சேபணை உண்டா?" என்று கேட்டார்.

ஹரிதா எழுந்தாள். ரூத்தும் எழுந்தார்.

அதே நேரம், விழாவைச் சிறப்பிக்க, வாசலில் புகை இயந்திரத்தை முடுக்கினார்கள். அது போட்ட டர்ர்ர் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் குரலே கேட்கவில்லை. "எனக்கு ஆட்சேபணை இருக்கு!" என்று ஹரிதா கத்தியது ஹரிதாவுக்கே எட்டவில்லை. பந்தலெல்லாம் வெள்ளைப் புகை. அந்தப் புகைக்குள்ளிருந்து, அந்தி நேரத்துப் பசியோடு, தறிக்கார வீதியின் சொந்தக் கொசுக்கள் சாவகாசமாக இறங்கி வந்தன.

ஹரிதா முகத்துக்கு முன்னால் ஒன்று வட்டமடித்தது. இரண்டு கையாலும் அடித்தாள். இன்னொன்று. மறுபடி அடித்தாள். ரூத்தும் அடித்தார். முன்வரிசை எழுந்து அடித்தது, பின்வரிசை எழுந்து அடித்தது. தலைவர் தோளிலிருந்து சால்வை நழுவ நழுவ அடித்தார். புகைப்படக்காரர் ஒரு கையால் அடித்துக்கொண்டே மறு கையால் படமெடுத்தார்.

ஒப்பந்தம் கையெழுத்தானது. ஹரிதா எழுத்து மூலமாக ஆட்சேபணை அனுப்பினாள், எட்டுப் பக்கம். ஒரே பத்தியில் பதில் வந்தது:

'ஆட்சேபணை கோரப்பட்டபோது தாங்கள் முதலாவதாக எழுந்து நின்று கைதட்டியதும், தங்களைப் பின்பற்றிப் பொதுமக்கள் அனைவரும் எழுந்து நின்று நெடுநேரம் கைதட்டியதும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாகியுள்ளன. புகைப்படம் இணைக்கப்பட்டுள்ளது.'

ஹரிதா படத்தைப் பார்த்தாள். வாதாட ஒன்றுமில்லை. லட்சுமணசாமி, தலைவர், பாலுசாமி, ரூத், அவள் என்று ஊர் முழுக்கக் கைதட்டிக்கொண்டிருந்தது. ஒருத்தர் கையிலும் கொசு அகப்படவில்லை.